‘இனந்தெரியாதோர்’ என்று எழுதப்பட்ட கட்டம்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, ஏ9 வீதியைப் பார்த்தபடி கொட்டகை போட்டு இருந்த அம்மாமாரிடம் அநேகமாக ஆளுக்கொரு பை இருக்கும். புடவைக் கடையில் கொடுத்த பொலித்தீன் பையாக இருக்கும், அல்லது பிள்ளை பள்ளிக்கூடம் கொண்டுபோன பழைய பையாக இருக்கும். உள்ளே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் எழுதிய கடிதம், கிராம சேவகர் தந்த உறுதிப்படுத்தல், விசாரணைக் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விண்ணப்பங்களின் நகல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மழைக்கு நனையாமல் லெமினேட் செய்த படம்.

அப்படியொரு அம்மாவின் பையிலிருந்த பொலிஸ் பிரதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. கார்பன் எழுத்து பழுத்துப்போயிருந்தது. அவருக்கு அது தேவையே இல்லை. முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய பொலிஸ்காரர் எந்தக் கதிரையில் இருந்தார் என்பதுவரை மனப்பாடம். ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி மட்டும் தெளிவாக நின்றது. கொண்டு சென்றவர்கள் யார் என்ற இடத்தில் ‘இனந்தெரியாதோர்’ என்று எழுதியிருந்தது.

“தம்பி, எனக்கு இனந்தெரியும் எண்டு சொன்னனான். அவர்தான் இப்படி எழுதினவர்” என்றார் அம்மா.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். போர்க்காலத்தில் எங்கள் பத்திரிகைகளில் அதிகம் அச்சான சொற்களில் ஒன்று அது. ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’, ‘இனந்தெரியாத நபர்களால் கடத்தப்பட்டார்’ என்று வராத நாள் குறைவு. பத்திரிகைக்காரரைக் குறை சொல்லவில்லை. பெயரை எழுதினால் அடுத்த நாள் அவர் வீட்டுக்கு முன்னாலும் வான் வந்து நிற்கும். ஊருக்குத் தெரிந்தவர்களைத் தாளில் தெரியாதவர்களாக ஆக்கித்தான் அன்று உயிரோடு இருக்க முடிந்தது. ஆனால் சமூகப் பணியாளர்களுக்காகவும் செயற்பாட்டாளர்களுக்காகவும் குரல் கொடுப்பவர்களின் வேலை அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஆளைத் தேடுவது ஒரு பாதி. கொண்டு போனவருக்கு வழிவிட்டது யார் என்று தேடுவது மறுபாதி. இந்த மறுபாதியை விட்டுவிட்டால் முதல் பாதிக்கும் பதில் வராது என்பதுதான் இத்தனை ஆண்டு அலைச்சலில் நான் கண்டது.

அரச படைகளோடு ஒட்டி இயங்கிய தமிழ் ஆயுதக் குழுவை ஒட்டுக்குழு, துணை இராணுவக் குழு என்று எப்படிச் சொன்னாலும் அதன் பயன் ஒன்றுதான். சீருடை போட்ட ஆமி வந்து ஆளைக் கொண்டுபோனால் முகாம் வாசலில் போய்க் கேட்கலாம். கட்டளைத் தளபதிக்குக் கடிதம் போடலாம், நீதிமன்றத்தில் பிரதிவாதியாக ஒரு பெயரைக் குறிப்பிடலாம். சாரம் கட்டியவனோ ஜீன்ஸ் போட்டவனோ, தமிழ் கதைத்தபடி இலக்கத் தகடு இல்லாத வானில் வந்து கொண்டுபோனால் கேட்கப் போகும் வாசல் எது? பொலிஸ் ‘எங்களுக்குத் தெரியாது’ என்கிறது. இராணுவம் ‘அது உங்கள் ஆட்களுக்குள்ளே உள்ள பிரச்சினை’ என்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல முடிவதற்காகத்தான் அந்தக் குழு இருக்கிறது.

இப்படியான குழுக்கள் இருப்பதை அரசு ஒருபோதும் ஏற்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் பிரிவு, தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களை 30 நாளுக்குள் அரசு நிராயுதபாணிகளாக்க வேண்டும் என்கிறது. அதோடு, விரும்புவோரைப் படையின் கட்டளைக்குள் சேர்த்து வடக்குக் கிழக்குக்கு வெளியே பணிக்கு அனுப்பலாம் என்றும் சொல்கிறது. ஆயுதத்தைக் களைய உன்னால் முடியும் என்றால், அந்த ஆயுதம் உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். ஆயுதம் போகவில்லை. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

2006 ஜனவரி 29, 30ஆம் திகதிகளில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற நிவாரணத் தொண்டு அமைப்பின் தலைமைப் பணியகம் அப்போது கிளிநொச்சியில் இருந்தது. மட்டக்களப்பிலிருந்து அதன் பணியாளர்கள் வன்னிக்குப் புறப்பட்டார்கள். மட்டக்களப்பு, பொலன்னறுவை, வவுனியா என்று சுற்றி, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வரும் நெடும்பயணம் அது. பொலன்னறுவை மாவட்டத்து வெலிகந்தைப் பக்கம் வாகனம் மறிக்கப்பட்டது. அடுத்த நாளும் அதே பாதையில் இன்னொரு வாகனம் மறிக்கப்பட்டது. இரண்டு நாளிலும் சேர்த்துப் பத்துப் பேர் கடத்தப்பட்டார்கள். மூவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு பெண் உட்பட ஏழு பேர் திரும்பவேயில்லை. குற்றச்சாட்டு கருணா குழுவின் மீது விழுந்தது.

வெலிகந்தை காட்டுக்குள் ஒளிந்த ஊர் இல்லை. அரச கட்டுப்பாட்டுப் பகுதி, முகாம்களும் காவலரண்களும் நிறைந்த வீதி. அங்கே ஆயுதத்தோடு வாகனத்தை மறித்து, ஆட்களை இறக்கி, இன்னொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் எத்தனை சென்றியை, அதாவது காவலரணை, கடக்க வேண்டும்? அப்படிக் கடந்தவர்கள் மறுநாளும் வந்து அதையே செய்தார்கள் என்றால், முதல் நாள் முறைப்பாட்டை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அதே ஆண்டு நவம்பரில், கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்துச் சேர்க்கும் கருணா குழுவுக்குப் பாதுகாப்புப் படையினரில் சிலர் துணை போகிறார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு ஆலோசகர் அலன் ரொக் பகிரங்கமாகவே சொன்னார். அவர் பேசியது சிறுவர் பற்றி. ஆனால் காவலரண்களும் காவலர்களும் அதே காவலரண்களும் காவலர்களும்தான்.

கடத்தல் நடந்து நான்கு வாரத்துக்குள், 2006 பெப்ரவரி 22, 23இல் ஜெனீவாவில் பேச்சு நடந்தது. அரச படைகளைத் தவிர வேறு எவரும் ஆயுதம் தாங்கி நடமாடாமல் பார்த்துக்கொள்வதாக அரசு அங்கே உறுதியளித்தது. ஏழு பேரின் குடும்பங்களும் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் காத்திருந்தன.

இங்கே ஒரு கேள்வி வரும். புனர்வாழ்வுக் கழகம் புலிகளோடு தொடர்புள்ளது என்று சொல்லி 2007 நவம்பரில் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது, இலங்கை அதைத் தடை செய்தது. அப்படியானால் அந்தப் பணியாளர்கள் யார்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. கணக்கெழுதியவரும் வாகனம் ஓட்டியவரும் பாலர் கல்வி பார்த்தவரும் சம்பளத்துக்கு வேலை செய்த மனிதர்கள். சரி, அவர்களில் ஒருவர் மீது சந்தேகம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கைது செய், பதிவு செய், நீதவான் முன் நிறுத்து. வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு எதிரான சர்வதேச உடன்பாட்டின் முதலாவது உறுப்புரை போர், அவசரநிலை, உள்நாட்டுக் குழப்பம் எதுவுமே இதற்கு நியாயமாகாது என்கிறது. எங்கள் ஆட்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ‘அவன் ஒன்றும் அறியாத அப்பாவி’ என்று நிரூபிக்க ஓடி ஓடியே காலம் போய்விடுகிறது. அப்பாவி என்று நிரூபித்தால்தான் தேடுவோம் என்று ஒப்புக்கொண்டால், நிரூபிக்க முடியாதவர்களைக் கைவிட்டதாகிவிடும்.

முதல் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் கடத்தப்பட்டால் குடும்பத்துக்குள் வரும் முதல் சண்டை, வெளியில் சொல்வதா வேண்டாமா என்பதுதான். ‘வாய் திறந்தால் பொடிதான் வரும்’ என்று தொலைபேசியில் மிரட்டல் வந்திருக்கும். காசு கேட்டிருப்பார்கள். யாரோ ஒரு தெரிந்தவர், ‘நான் கதைத்து எடுத்துத் தாறன், சத்தம் போடாதேங்கோ’ என்பார். தாய் சொல்லச் சொல்வார், தகப்பன் பொறுக்கச் சொல்வார். இரண்டு பேரிலும் பிழையில்லை. வெளியிலிருந்து உதவப் போகிறவர் இந்த முடிவைத் தான் எடுக்கக் கூடாது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரையும் படத்தையும் வெளியிட்டுவிட்டு, அப்புறம் அந்த வீட்டுக்கு வரும் மோட்டார் சைக்கிளுக்குப் பதில் சொல்ல அவரால் முடியாது.

ஆனாலும் நேரம்தான் உயிர். கடத்தியவன் ஆளை உடனே ஒரு முடிவான இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஒரு வீடு, ஒரு சிறு முகாம், பிறகு கைமாற்றம். அந்தக் கைமாற்றத்துக்கு முன்னர் செஞ்சிலுவைச் சங்கமோ, தூதரகமோ, அந்தக் காலத்தில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால், ‘இந்த ஆளை யாரோ தேடுகிறார்கள்’ என்ற செய்தி அந்த அறைவரை போகிறது. அதற்காகத்தான் சர்வதேச மன்னிப்புச் சபை போன்றவை அவசர வேண்டுகோள் என்ற முறையை வைத்திருக்கின்றன. ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு 1980இலிருந்து இயங்குகிறது. கடத்தல் நடந்து மூன்று மாதத்துக்குள் விபரம் கிடைத்தால் அதை அவசர முறையில் எடுத்து அரசுக்கு அனுப்பும். மூன்று மாதம் கடந்தால் வழக்கமான வரிசைதான்.

அதனால் முதல் இரவில் எழுதி வைப்பதுதான் இருபது வருடத்துக்குப் பிறகும் நிற்கும். முழுப் பெயர், வயது, எந்த உடுப்பு, எந்த மணி, எந்தச் சந்தி. வானின் நிறம் மட்டும் போதாது, கண்ணாடி கறுப்பா, கதவு இழுக்கும் கதவா, சில்லில் சேறா என்பதும் வேண்டும். வந்தவர்கள் என்ன மொழி கதைத்தார்கள், எந்த ஊர்த் தமிழ், ஒருவரை ஒருவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, வான் எந்தத் திசையால் போனது, அந்தத் திசையில் அடுத்த சென்றி எது, அன்று அது திறந்திருந்ததா மூடியிருந்ததா. வவுனியா நகரத்தில் 2006இலிருந்து 2009வரை ஊரடங்கு நேரத்திலும் வான் ஓடியது. ஊரடங்கு நேரத்தில் யார் அனுமதி இல்லாமல் யார் ஓட முடியும்?

முன்னர் சொன்ன சர்வதேச உடன்பாட்டின் இரண்டாவது உறுப்புரை இந்தக் கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுக்கிறது. அரசின் ஆட்கள் செய்தால் மட்டுமல்ல, அரசின் அங்கீகாரத்தோடோ, ஆதரவோடோ, கண்டும் காணாமல் விட்ட நிலையிலோ வேறொரு குழு செய்தாலும் அது வலிந்து காணாமல் ஆக்குதல்தான். ‘கண்டும் காணாமல்’ என்ற அந்த இடத்தில்தான் காவலரணின் பெயர் சாட்சியாகிறது. இலங்கை இந்த உடன்பாட்டை 2016 மே மாதம் ஏற்றது. 2018இல் அதற்கான சட்டமும் வந்தது. ‘காணாமல் போனோர்’ என்று சொல்லாதே, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று சொல் என்று அம்மாமார் திருத்துவதும் இதற்காகத்தான். போவதற்குச் செய்தவன் தேவையில்லை. ஆக்கப்படுவதற்கு ஒருவன் இருந்தாக வேண்டும்.

2009இல் வன்னியே முள்வேலிக்குள் வந்தது. ஏறக்குறைய 280,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பகுதி வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாமில். ஓமந்தையிலும் முகாம்களுக்குள்ளும் ஆட்களைப் பிரித்தெடுத்தபோது தலையாட்டிகள் வந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு நின்று தலையை அசைத்தால் அந்த ஆள் வரிசையை விட்டு வெளியே எடுக்கப்படுவார். துணை ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் முகாம்களுக்குள் நடமாடியதை 2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அப்படி எடுக்கப்பட்டவர்களுள் எத்தனையோ குடும்பத்துக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கப்படவில்லை. அதே ஆண்டு மே 18ஆம் திகதி, வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர்களோடு கூட நின்று பெயர்ப்பட்டியல் எழுதினார் பிரான்சிஸ் யோசப் அடிகளார். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர். பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் எழுதியவரே பட்டியலில் ஒரு பெயராகிப் போனார்.

தேடுகிறவரும் தேடப்படுகிறவராவது வன்னியில் புதிதல்ல. கிளிநொச்சியில் மனித உரிமைச் செயலகத்தை நடத்திய கருணாரட்ணம் அடிகளார், ஊர் சொல்லும் கிளி பாதர், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி கிளைமோர் கண்ணிவெடித் தாக்குதலில் கொல்லப்பட்டார். போர் முடிந்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராட்டம் ஒழுங்கு செய்துகொண்டிருந்த லலித் குமார் வீரராஜும் குகன் முருகானந்தனும் 2011 டிசம்பர் 9ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடுத்த நாள் மனித உரிமைகள் நாள். 2014 மார்ச்சில் தர்மபுரத்தில் மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் சிறு வயது மகளோடு கைதானார். ஒரு வருடம் குற்றப்பத்திரம் இல்லாமல் தடுப்பில் இருந்தார். அதைப் பற்றி விசாரிக்க வந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் ருக்கி பெர்னாண்டோவும் பிரவீன் அடிகளாரும் அதே வாரத்தில் கிளிநொச்சியில் கைதாகி, வெளியில் எழுந்த சத்தத்தால் இரண்டு நாளில் வெளியே வந்தார்கள். அந்தத் தாய்க்கு ஒரு வருடம், இவர்களுக்கு இரண்டு நாள். பெயர் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்குத்தான் பாதுகாப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத கிராமத்துச் சங்கத் தலைவிக்கும் அந்தச் சத்தம் கிடைக்க வேண்டும்.

இயக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாற்றுக் கருத்துச் சொன்னவர்களைப் புலிகள் கொண்டுபோனார்கள், திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பிறகு படையினரிடம் கையளிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஒரே தாய்க்கு இரண்டு முறை பறிபோன பிள்ளை. அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார், எழுதுகிறவர் ஒன்றை வெட்டிவிடுவார். அப்படி வெட்டிய வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு கேள்வியில் உடைத்துவிடுவார்.

2017 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வவுனியாவில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். பேசுவோம் என்ற வாக்குறுதியில் நான்காம் நாள் நிறுத்தினார்கள், பேச்சில் ஒன்றும் வரவில்லை. பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கியது தொடர் போராட்டம். நாலு நாளில் வவுனியா, மார்ச்சில் முல்லைத்தீவு. கிளிநொச்சிப் போராட்டம் 2025 மே மாதம் 3000 நாளைத் தாண்டியது. சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் சொல்கிறேன் என்று 2017 யூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் சொன்னார். வரவில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். இறந்தது தெரியும் என்றால் எங்கே, எப்போது, யார் கையில் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே என்று அம்மாமார் கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. காணாமல் போனோர் அலுவலகம் நட்டஈட்டையும் சான்றிதழையும் முன்னே வைத்தது. பலர் வாங்க மறுத்தார்கள். வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதற்கிடையில் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிய பெற்றோர் நூற்றுக்கும் மேல்.

அசைவே இல்லையா என்றால், உண்டு. மெதுவாக. 2009இல் சரணடைந்த, புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த எழிலன் தொடர்பாக மனைவி அனந்தி சசிதரன் போட்ட ஆட்கொணர்வு மனுவில், 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவம் அவரை முன்னிலைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 மார்ச் 24இல் பிரித்தானியா தடை விதித்த நால்வரில் மூவர் முன்னாள் படைத் தளபதிகள், நான்காமவர் கருணா. இலங்கை அரசின் இராஜதந்திரக் கடவுச்சீட்டில் வேறு பெயரோடு போனதற்காக அதே நாட்டில் 2008இல் சிறைத்தண்டனை பெற்று, திரும்பி வந்து இங்கே அமைச்சரானவர் அவர். அரசோடு தொடர்பில்லாத குழு என்ற கதைக்கு அந்தக் கடவுச்சீட்டு ஒன்றே போதும். 2025 ஏப்ரலில், கருணா குழுவில் இருந்து பின்னர் கிழக்கு மாகாண முதலமைச்சரான பிள்ளையான் கைதானார், 2006 டிசம்பர் 15இல் காணாமல் ஆக்கப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இரவீந்திரநாத்தின் விவகாரத்தில். சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாங்கள்தான் முதலில் மதிக்க வேண்டும். ஆனால் பதினெட்டு வருடத்துக்கு முந்திய கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. திறக்க ஒரு கோப்பு இருந்ததால்தான் திறக்க முடிந்தது. வெலிகந்தை ஏழு பேரின் கோப்பும் அதே ஆண்டைச் சேர்ந்ததுதான்.

அந்த அம்மாவின் வாக்குமூலத்தை அன்று மறுபடி எழுதினோம். கொட்டகையில் மின்விசிறி இல்லை, தாள் பறக்காமல் இருக்கத் தண்ணீர்ப் போத்தலை மேலே வைத்தார். கொண்டு சென்றவர்கள் என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வந்தவர்களில் ஒருவனின் ஊர்ப்பெயரைச் சொன்னார். அவன் மற்றவனைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னார். பிறகு வான் போன வழியில் இருந்த மூன்று சென்றிகளை வரிசையாகச் சொன்னார். மூன்றாவதில் அன்று அவரை மறித்து, திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பின்னாலே சைக்கிளில் போன தாயை மறித்த சென்றி, முன்னாலே போன வானை மறிக்கவில்லை. அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை வாசித்தேன். கையெழுத்து வைத்துவிட்டு, பழைய பிரதியை எறியாமல் புதியதற்குக் கீழே வைத்துப் பையைக் கட்டினார்.